ஏலம் போகாத வீடுகள்

கெம்பையன் நோட்டீஸ் ஒட்ட வந்த அன்று நாச்சம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். 1997ஆம் வருஷம், கன்னடத்து ஆடியான ஆஷாட மாதம். மைசூரில் பாதிப் பேர் சாமுண்டி மலை பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிற காலம். விஜயநகர் நான்காம் ஸ்டேஜில் அப்போது வீடுகளைவிடக் காலி மனைகள்தான் அதிகம். தெருவுக்குள் யார் நுழைந்தாலும் தூரத்திலேயே தெரிந்துவிடும். சைக்கிளில் ஒருவர் கதவு எண்களைப் பார்த்தபடியே மெதுவாக வந்தார். ஹேண்டிலில் ஒரு பசை டப்பா தொங்கியது. அந்த டப்பாவைப் பார்த்ததுமே நாச்சம்மாளுக்குக் கை ஓடவில்லை.

"காளிதாஸ் வீடு இதுதானே?" என்று அவர் கன்னடத்தில் கேட்டார்.

"ஆமாங்க" என்று தமிழ்தான் வாயில் வந்தது அவளுக்கு. பயந்தால் அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

அவர் சைக்கிளை நிறுத்தினார். "எந்த ஊரும்மா நீங்க?"

"ராமாபுரத்துப் பக்கமுங்க."

"நான் ஹனூரு, பக்கத்து ஊருதான்" என்றார், இப்போது தமிழில். அதற்குமேல் ஊர்ப்பேச்சு பேசவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "வீட்டுக் கடன் சங்கத்திலேருந்து வந்திருக்கேன். ஏல நோட்டீஸ். இதைக் கதவில ஒட்டிட்டு உங்க கையெழுத்து வாங்கிட்டுப் போகணும்."

நாச்சம்மாள் எதிர் வீட்டைப் பார்த்தாள். அங்கே ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டம்மா கம்பியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாளைக் காலையில் இந்த இருவரும் அந்தக் காகிதத்தைப் படித்துவிடுவார்கள். அடுத்த நாள் தெருவே படித்துவிடும்.

அவள் கண் போன போக்கைக் கெம்பையன் கவனித்திருக்க வேண்டும். கதவை முழுக்க உள்ளே தள்ளினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கதவின் உள்பக்கம் பசையைத் தடவிக் காகிதத்தை ஒட்டி, நான்கு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தினார்.

"கதவில ஒட்டணும்னுதான் ரூல்ல இருக்கு. எந்தப் பக்கம்னு இல்ல" என்றார்.

நாச்சம்மாளுக்கு அழுகை வந்தது. கடனை நினைத்து எட்டு மாதமாக வராத அழுகை. கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள். அவர் சைக்கிளில் ஏறும்போது திரும்பிச் சொன்னார்:

"ஒரு தடவை ஆபீசுக்கு வாங்க. வீட்டுக்காரர் வராட்டியும் பரவாயில்ல, நீங்க வாங்க. வராம மட்டும் இருந்துடாதீங்க."

அந்த வீடு 1991இல் கட்டியது. காளிதாஸ் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை பார்த்தான். அவனும் அவனோடு வேலை செய்தவர்களுமாகப் பதின்மூன்று பேர் ஒரே சமயத்தில் அந்தச் சங்கத்தில் கடன் வாங்கி, நான்காம் ஸ்டேஜிலும் ஹெப்பாளிலுமாக வீடு கட்டினார்கள். காளிதாஸ் வாங்கியது தொண்ணூறாயிரம். மாதக் கந்து ஆயிரத்து இருநூற்று முப்பது, பதினைந்து வருஷம். மைசூரில் தவணையைக் 'கந்து' என்றுதான் தமிழர்களும் சொல்வார்கள். அந்தக் கந்தைத் தொழிற்சாலையே சம்பளத்தில் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பிவிடும். கட்டுகிற கவலையே இல்லை. காளிதாஸ் சம்பளக் கவரில் மீதி என்ன இருக்கிறது என்று மட்டும் பார்ப்பான். அதை நாச்சம்மாளிடம் கொடுப்பான். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துவைக்கிற கல். குடிவந்த அன்று அவள் துவைக்கிற கல்லைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தாள். வாடகை வீட்டில் ஆறு குடித்தனத்துக்கு ஒரே கல்லாக இருந்தது.

1996 அக்டோபர் கடைசியில் தொழிற்சாலையை மூடினார்கள். முதலில் பத்து நாள் என்றார்கள். பிறகு பொங்கல் கழித்து என்றார்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. காளிதாஸ் ஜனவரியில் ஒருமுறை சங்கத்துக்குப் போனான். கவுன்டரில் இருந்தவர் பத்துப் பேர் எதிரில், "கடன் வாங்கத் தெரிகிறது, கட்டத் தெரியவில்லையா?" என்று கேட்டாராம். அதன் பிறகு அவன் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. சங்கத்திலிருந்து வந்த கடிதங்களைப் பிரிக்காமலே அலமாரி மேல் போட்டுவைத்தான். கிடைத்த நாளில் மண்டியில் மூட்டை இறக்கப் போனான். நாச்சம்மாள் ஊதுவத்தி உருட்டப் பழகினாள். ஆயிரம் குச்சி உருட்டினால் இத்தனை ரூபாய் என்று கணக்கு. கரி மாவில் விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிற்று.

நோட்டீஸ் கதவின் உள்பக்கம் இருந்ததால் கதவைச் சாத்தும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது. நாச்சம்மாள் அதைப் படிக்க ஆரம்பித்தாள். அவளுக்குத் தமிழ் பேச மட்டும்தான் தெரியும். கர்நாடக எல்லைக்குள் இருந்த ராமாபுரத்தின் அரசுப் பள்ளியில் ஏழாவது வரை படித்தது முழுக்கக் கன்னடம். கல்யாணத்துக்குப் பிறகு எழுத்துக்கே வேலை இல்லாமல் போயிருந்தது. ரேஷன் கார்டு, கரண்ட் பில், கடன் பத்திரம் எல்லாம் காளிதாஸ் கையில். இப்போது, யாரும் கேட்காமலே, அரசாங்கக் கன்னடத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'ஹராஜு' என்றால் ஏலம். தேதி ஆகஸ்ட் இருபத்தெட்டு. பாக்கி இருபத்தோராயிரத்து நானூறு. மூன்றாம் நாள் படிக்கும்போதுதான் அந்த வரி அவளை நிறுத்தியது: பதினான்கு மாதக் கந்து பாக்கி.

விரல் விட்டு எண்ணினாள். நவம்பரிலிருந்து ஜூன். எட்டு.

"ஏனுங்க, கம்பெனி மூடி எட்டு மாசந்தானுங்களே? பதினாலுன்னு போட்டிருக்காங்க."

காளிதாஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வட்டிக்கு வட்டி போட்டிருப்பாங்க புள்ள. விடு. அந்த மதன் சொன்ன மாதிரியே முடிச்சுக்கலாம்."

மதன் வீட்டு புரோக்கர். ஏலத்துக்கு வரப்போகிற வீடுகளின் விவரம் எப்படியோ அவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். "சங்கத்துக் கடனை நானே கட்டித் தீர்க்கிறேன். உங்கள் கையில் நாற்பதாயிரம். மானத்தோடு போய்விடலாம்" என்று இரண்டு முறை வந்து சொல்லியிருந்தான். ஆஷாடத்தில் யாரும் சொத்துப் பேச்சை முடிக்கமாட்டார்கள். அமாவாசையோடு ஆஷாடம் முடிகிறது; மறுநாள் அட்வான்ஸோடு வருவதாக ஏற்பாடு. அந்த வீடு அன்றைக்கு மூன்று லட்சம் போகும் என்பது நாச்சம்மாளுக்குத் தெரியும். காளிதாசுக்கும் தெரியும். ஆனால் அவன் களைத்துப் போயிருந்தான். களைத்தவனுக்கு நாற்பதாயிரம் பெரிய தொகையாகத் தெரியும்.

அமாவாசைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. நாச்சம்மாள் உருட்டிய வத்தியைக் கடையில் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லி, சங்கத்தைத் தேடி அக்ரஹாரத்துக்கு பஸ் ஏறினாள்.

சங்கம் ஒரு அச்சகத்துக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறும்போதே மெஷின் சத்தத்தில் சுவர் அதிர்ந்தது. கெம்பையன் ஜன்னலோரம் ஒரு மேஜையில் இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவளுக்கு ஒரு அலுவலகத்தில் யாரும் நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை. நுனியில் உட்கார்ந்தாள்.

"கேக்க வந்ததைக் கேளுங்க."

"ஏனுங்ணா, எட்டு மாசத்துக்குப் பதினாலு எப்புடி வரும்?"

கெம்பையன் பெரிய பேரேட்டை எடுத்துவந்து பிரித்தார். காளிதாஸ் பெயர் உள்ள பக்கத்தில் விரலை ஓட்டினார். "கடைசியா வந்தது தொண்ணூத்தாறு ஏப்ரல். மேயிலேருந்து வரவே இல்லையே?"

"அதெப்புடிங்க? அக்டோபர் வரைக்கும் சம்பளத்துல புடிச்சாங்களே!"

கெம்பையன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு பேரேட்டில் முன்னும் பின்னும் நான்கைந்து பக்கங்களைப் புரட்டினார். அதே தொழிற்சாலையின் வேறு பெயர்கள். எல்லாப் பக்கத்திலும் ஏப்ரலோடு பேனா நின்றிருந்தது.

"அம்மிணி, சம்பளச் சீட்டு இருக்கா வீட்டில?" என்று மெல்லக் கேட்டார். "மேயிலேருந்து அக்டோபர் வரைக்கும். அதில பிடித்தம்னு போட்டிருந்தா, அந்த ஆறு மாசம் உங்க பாக்கி இல்ல. பிடிச்சு வெச்சுக்கிட்டவன் பாக்கி."

நாச்சம்மாள் வீடு திரும்பிக் காளிதாசின் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தாள். நீலச் சட்டை, அடையாள அட்டை, யூனியன் ரசீதுகள், ஒரு தீபாவளி மலர். சீட்டுகள் நான்கு கிடைத்தன: மே, ஜூன், ஆகஸ்ட், அக்டோபர். நான்கிலும் ஒரே வரி, ஒரே எண். வீட்டுக் கடன் பிடித்தம், 1,230.

மண்டியிலிருந்து வந்த காளிதாஸ் அறை முழுக்கக் காகிதம் பரந்து கிடப்பதைப் பார்த்து முதலில் சத்தம் போட்டான். நாச்சம்மாள் நான்கு சீட்டுகளையும் அவன் கையில் கொடுத்து, அந்த வரியில் விரலை வைத்தாள். அவன் நின்றுகொண்டே பார்த்தான். பிறகு உட்கார்ந்து பார்த்தான். ஆறு வருஷமாகக் கடைசி வரியை மட்டுமே பார்த்துப் பழகிய கண்.

"எங்கிட்டப் புடிச்சிருக்கானுங்க" என்றான். "எங்கிட்டப் புடிச்சுப்போட்டு, கட்டலேன்னு என்னையே பேச வெச்சிருக்கானுங்க."

"நீங்க கட்டியிருக்கீங்க" என்றாள் நாச்சம்மாள். "ஆறு மாசமும் கட்டியிருக்கீங்க."

ஜனவரியிலிருந்து குனிந்தே இருந்த மனிதன் அன்றைக்கு எழுந்த வேகத்தில் அவளே பயந்துவிட்டாள். மீதி இரண்டு மாதச் சீட்டுக்காக அவனே இரண்டு தெரு தள்ளியிருந்த கரியப்பன் வீட்டுக்குப் போனான். கரியப்பனும் லேத்தில்தான் இருந்தவன். அவன் வீட்டுக் கதவில் அடுத்த வாரம் நோட்டீஸ் வரவேண்டிய முறை. கரியப்பனின் மனைவி சீட்டுகளை மாதவாரியாகக் கம்பியில் கோத்துச் சமையலறை ஆணியில் மாட்டியிருந்தாள். எரிப்பதா, வைப்பதா என்று தெரியாமல் வைத்திருந்தாளாம். ஜூலையும் செப்டம்பரும் அதில் இருந்தன. இரண்டு பேர் சீட்டையும் சேர்த்துப் பார்த்ததில், ஆறு மாதமும் விடாமல் பிடித்திருப்பது தெளிவாயிற்று.

பேச்சு பதின்மூன்று வீட்டுக்கும் பரவியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாச்சம்மாள் வீட்டின் முன்னறையில் உட்கார இடமில்லை. கெம்பையன் சைக்கிளில் வந்திருந்தார். அன்று அவருக்கு விடுமுறை. சங்கம் அவரை அனுப்பவில்லை. ஒவ்வொருவர் சீட்டையும் வாங்கிப் பார்த்து, ஒரு நோட்டில் பெயர், மாதம், தொகை என்று எழுதினார். ஜடையன் என்றொருவர், பேச்சில் கொஞ்சம் முரடர், நேராகவே கேட்டுவிட்டார்:

"சார், நீங்க சங்கத்து ஆளு. எங்களுக்கு எதுக்கு இதெல்லாம் செய்யறீங்க?"

கெம்பையன் எழுதுவதை நிறுத்தவில்லை. "பத்து வருசம் முன்னாடி கும்பார கொப்பலில ஒரு வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டினேன். தேதிக்கு நாலு நாள் முன்னாடியே பூட்டிட்டுப் போயிட்டாங்க. சாவியை எங்க ஆபீஸ் மேஜைமேல வெச்சுட்டுப் போனாங்க. அவங்க ஒரு மனு எழுதிப் போட்டிருந்தா கெடு நீட்டியிருக்கலாம், அப்படி ஒரு விதி இருக்கு. அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்லல. என்னை யாரும் கேக்கலேன்னு இருந்துட்டேன்."

அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் அவரைச் 'சங்கத்து ஆள்' என்று சொல்லவில்லை.

அமாவாசைக்கு மறுநாள் மதன் ஸ்கூட்டரில் வந்தான். கையில் வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கவர். காளிதாஸ்தான் வாசலுக்குப் போனான். "வீடு விக்கறதுக்கு இல்லீங்க" என்றான். அவ்வளவுதான். மதன் ஏதேதோ சொல்லிப் பார்த்தான். காளிதாஸ் அதே வார்த்தையை அதே குரலில் மூன்று முறை சொன்னான். உள்ளே நின்று கேட்ட நாச்சம்மாள் சாமி படத்துக்கு ஒரு வத்தி கொளுத்திவைத்தாள். விலைக்கு உருட்டியதிலிருந்து அவள் தனக்கென்று எடுத்த முதல் வத்தி.

சங்கத்தின் நிர்வாகக் குழு ஆகஸ்ட் பதினாறு, சனிக்கிழமை கூடியது. பதின்மூன்று மனுக்களையும் கெம்பையன் சொல்லச் சொல்ல நாச்சம்மாள்தான் கன்னடத்தில் எழுதினாள். எழுத்து பள்ளிக்கூட எழுத்துதான், ஆனால் அடித்தல் திருத்தல் இல்லை. பேசுவதற்குக் கரியப்பன் என்று முடிவாகியிருந்தது. உள்ளே போனதும் நீண்ட மேஜையையும் ஒன்பது பேரையும் பார்த்துக் கரியப்பனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஸ்வாமி, ஸ்வாமி" என்று இரண்டு தடவை சொல்லி நின்றுவிட்டான்.

செயலாளர் கோப்பை மூடப் போனார். "பணம் எங்களுக்கு வரவில்லை. வராத பணத்தை வந்ததாக எழுத முடியுமா? உங்கள் வழக்கு உங்கள் கம்பெனியோடு."

பின்னால் நின்ற நாச்சம்மாள் முன்னே வந்தது அவளுக்கே தெரியாது என்று பிறகு சொல்வாள். கன்னடம் தடையில்லாமல் வந்தது.

"வரவில்லை என்று எங்களிடம் எப்போது சொன்னீர்கள், சார்?"

"என்ன?"

"மே மாதம் வரவில்லை. ஜூனில் வரவில்லை. ஆறு மாதம் வரவில்லை. கம்பெனி அப்போது நடந்துகொண்டிருந்தது. ஒரு கார்டு போட்டிருந்தால் பதின்மூன்று பேரும் முதலாளி வாசலில் போய்க் கேட்டிருப்பார்கள். எப்போது எழுதினீர்கள்?"

தலைவராக இருந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கெம்பையனைப் பார்த்தார். "எழுதியிருப்போம்" என்றார் செயலாளர்.

"கெம்பையா, தபால் அனுப்பிய பதிவேட்டைக் கொண்டுவா" என்றார் தலைவர்.

கெம்பையன் கொண்டுவந்தார். எந்தப் பக்கத்தைக் காட்டுகிறோம், அதனால் தனக்கு என்ன வரும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தொண்ணூற்றாறு மே முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார். "தொழிற்சாலைக்கும் போகவில்லை சார், உறுப்பினர்களுக்கும் போகவில்லை சார். ஒரு கடிதமும் போகவில்லை." சொல்லும்போது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பதிவேட்டை மூடாமல் தலைவர் பக்கம் திருப்பி வைத்தார்.

வெளியே முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். கீழே அச்சகத்தில் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ மஞ்சள் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. பிறகு கூப்பிட்டார்கள். ஏலம் நிறுத்தம். ஆறு மாதப் பிடித்தத்தைச் சங்கமே தொழிற்சாலை மீது கோர வேண்டும். உறுப்பினர் பாக்கியில் சேர்க்கக் கூடாது. அபராத வட்டி தள்ளுபடி. வேலையில்லாத மாதங்களின் பாக்கியை அசலோடு சேர்த்துக் கெடுவை நீட்டலாம். மாதக் கந்து ஏறாது, மூன்றரை வருஷம் கூடும். ஆனால் ஒரு நிபந்தனை: செப்டம்பரிலிருந்து மூன்று மாதம் விடாமல் கட்டிக் காட்ட வேண்டும். தவறினால் பழைய நோட்டீஸே நிற்கும்.

படி இறங்கும்போது கரியப்பன் அழுதுகொண்டே இறங்கினான். காளிதாஸ் மனைவியைப் பார்த்து, "நீ இத்தனை பேசுவியா?" என்று கேட்டான். பதினாறு வருஷக் குடித்தனத்தில் அதைப் போல ஒரு பாராட்டை அவள் கேட்டதில்லை.

மூன்று மாதம் கட்டுவது எளிதாக இல்லை. கெம்பையன் ஞாயிறுதோறும் வந்து ஒவ்வொரு வீட்டாரோடும் தனித்தனியாக உட்கார்ந்தார். என்ன வருகிறது, என்ன போகிறது, எதை விற்கலாம், எதை விற்கவே கூடாது. நாச்சம்மாள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முன்னறையைத் தடுத்து வாடகைக்கு விடுங்க அம்மிணி" என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. பிறகு சரியென்று பட்டது. ஆஸ்பத்திரியில் வேலை செய்த இரண்டு நர்சுகள் எண்ணூறு ரூபாய்க்கு வந்தார்கள். எட்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்தார்கள். காளிதாஸ் அந்தப் பணத்தில் கடனைக் கொஞ்சம் அடைக்கலாம் என்றான்.

"அது உங்க பணமில்லப்பா" என்றார் கெம்பையன். "அவங்க போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டியது. பாங்கில போட்டுட்டு அப்படி ஒண்ணு இருக்குங்கறதையே மறந்துடுங்க."

குடும்பம் ஒரே அறைக்கு வந்தது. ஒன்பதாவது படித்த மகள் நிர்மலா சமையலறையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து படித்தாள். வாடகை எண்ணூறு, வத்தியில் நானூற்றைம்பது. அதுவே கந்துக்குப் போதும். மண்டிக் கூலியில் சாப்பாடு. செப்டம்பர் ஐந்தாம் தேதி முதல் கந்தைக் கட்டி, ரசீதை வாங்கி, நாச்சம்மாள் பஸ்ஸில் வழி நெடுக அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கையால் வாங்கிய முதல் ரசீது.

பதின்மூன்று வீட்டில் பதினொன்று நின்றது. ஒருவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து, அவராகவே விற்றுவிட்டுப் போனார். ஜடையன் வீட்டைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அதே வீட்டின் மேல் அவர் யாருக்கும் தெரியாமல் வெளியிலும் கடன் வாங்கியிருந்தார். கெம்பையன் அவரைத் திட்டவில்லை. ஏலத்துக்கு விடாமல், நல்ல விலை வரும்வரை இரண்டு மாதம் கெடு வாங்கிக் கொடுத்து, நேர்விலைக்கு விற்கவைத்தார். எல்லாக் கடனும் போக மீதியில் ஜடையன் ஹூட்டகள்ளியில் ஒரு சின்ன மனை வாங்கினார். "மொத்தமாப் போயிருக்க வேண்டியது" என்று அவரே சொல்வார். இருந்தாலும் அவர் பழைய தெரு வழியாகப் போவதில்லை. நாச்சம்மாளுக்கு அது கடைசிவரை உறுத்திக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு மாதம் முன்னால் அவர் வாயைத் திறந்திருந்தால் என்று.

பதிவேட்டைக் காட்டியதற்குக் கெம்பையனுக்கு மெமோ வந்தது. ஒரு வருஷம் சம்பள உயர்வை நிறுத்திவிட்டார்கள். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவர் மனைவி மாதம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லித்தான் நாச்சம்மாளுக்குத் தெரியும். அந்த அம்மாளுக்கு இழுப்பு நோய். மாதா மாதம் மருந்துக்கே ஒரு தொகை போகும். நாச்சம்மாள் பதறிப்போய், எல்லா வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கலாம் என்று கிளம்பினாள். கெம்பையன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "நான் வாங்கினா, நான் செஞ்சது லஞ்சத்துக்குன்னு ஆயிடும் அம்மிணி. எனக்கு ஏதாவது செய்யணும்னா, அடுத்தாப்பல வர்றவங்ககூட நீங்க ஆபீசுக்குப் போங்க. நான் அந்தப் பக்கம் உக்காந்திருக்கேன். இந்தப் பக்கம் ஒரு ஆள் வேணும்."

அவள் போனாள். அந்த இரண்டு வருஷத்தில் மைசூரில் மூடிய தொழிற்சாலை ஒன்றிரண்டு அல்ல. நோட்டீஸ் வந்த வீட்டுப் பெண்கள் விசாரித்துக்கொண்டு வருவார்கள். நாச்சம்மாள் வத்திப் பலகையை ஓரம் வைத்துவிட்டு முதலில் ஒன்றைத்தான் கேட்பாள்: "லெட்டரெல்லாம் பிரிச்சீங்களா, அப்படியே வெச்சிருக்கீங்களா?" பெரும்பாலும் அப்படியே வைத்திருப்பார்கள். சேர்ந்து உட்கார்ந்து பிரிப்பார்கள். படிப்பாள். எழுதுவாள். கூடவே பஸ் ஏறுவாள். எல்லா இடத்திலும் வீடு நிற்கவில்லை. ஆனாலும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காராமல் யாரும் திரும்பியதில்லை. அதில் மட்டும் அவள் கண்டிப்பு.

1999 மே மாதம் கெம்பையன் ஓய்வு பெற்றார். முப்பத்திரண்டு வருஷம் வீட்டுக் கடன் சங்கத்தில் வேலை பார்த்தவருக்குச் சொந்த வீடு இல்லை. அக்ரஹாரத்தில் ஒரு பழைய வாடகை வீடு. அதையும் இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் ஆறு வாரத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். கெம்பையன் சைக்கிளில் வீடு தேடி அலைந்ததைக் காளிதாஸ்தான் ஒருநாள் குவெம்பு நகரில் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அவன் அப்போது ஒரு வொர்க்‌ஷாப்பில் மறுபடியும் லேத்தில் சேர்ந்திருந்தான்.

நர்சுகளில் ஒருத்திக்குக் கல்யாணமாகி, இன்னொருத்தியும் வேறு இடம் போய், முன்னறை காலியாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நாச்சம்மாளும் காளிதாசும் அன்று மாலையே அக்ரஹாரத்துக்குப் போனார்கள்.

"அண்ணா, எங்கூட்டுக்கு வந்துருங்க. வாடகையெல்லாம் வேண்டாமுங்க."

கெம்பையன் சிரித்தார். "வாடகை வேண்டாமா? உங்க கணக்கை நான்தானே போட்டேன். எண்ணூறு வாடகை, நானூத்தம்பது வத்தி. அந்த எண்ணூறு நின்னுட்டா கந்து எங்கேருந்து கட்டுவீங்க?"

"இப்ப இவருக்கு வேலை இருக்குதுங்ணா."

"அப்ப அந்தப் பணத்தை அசல்ல கட்டுங்க. சீக்கிரம் முடியும். வாடகை வாங்கறதா இருந்தா வர்றேன். இல்லேன்னா வேற இடம் பார்க்கறேன்."

பேரம் தலைகீழாக நடந்தது. அவர் எண்ணூறு என்றார். இவர்கள் முந்நூறு என்றார்கள். கட்டிலில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மாதம்மா கேட்டுக் கேட்டுச் சலித்து, "அறுநூறுன்னு வெச்சுக்கிட்டு எழுந்திரிங்க எல்லாரும், எனக்கு இருமல் வருது" என்றாள். அறுநூறு என்று முடிந்தது. அட்வான்ஸ் பேச்சை அவர் எடுத்தபோது காளிதாஸ், "அதை நீங்க ஏற்கெனவே கட்டிட்டீங்க" என்று சொல்லி, அவர் பதில் சொல்லுமுன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

குடிவந்தது ஒரு வியாழக்கிழமை. சாமான் அதிகமில்லை: ஒரு கட்டில், இரண்டு டிரங்கு, பாத்திரங்கள், சைக்கிள். கரியப்பன் டெம்போ கொண்டுவந்தான். பதினொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். கூப்பிடாமல் ஜடையனும் வந்து கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மாதம்மாவுக்குக் கரித்தூள் ஆகாதென்று நாச்சம்மாள் வத்தி உருட்டுகிற இடத்தைப் பின்கட்டுக்கு மாற்றியிருந்தாள். மாதம்மா கிழக்கே பார்த்து அடுப்பை வைத்துப் பால் காய்ச்சினாள். பொங்கி வழிந்தது. கெம்பையன் அறைக்குள் நுழையத் தெரியாதவர் போல் வாசலிலேயே நின்றார். இத்தனை பேர் தன் பாத்திரங்களை அடுக்குவதை அவர் பார்த்ததில்லை.

"உள்ள வாங்ணா" என்று நாச்சம்மாள் முதல் டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். அவர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வந்தவர்களுக்குப் பால் போதவில்லை. கரியப்பனின் மனைவி இன்னும் நான்கு பாக்கெட் வாங்கிவரப் பையை எடுத்துக்கொண்டு பால் பூத்துக்கு ஓடினாள்.